ஸ்கோப் குண்டை நேராக்குவதில்லை

துப்பாக்கியின் மேல் ஸ்கோப் என்ற சிறு தொலைநோக்கியை மாட்டிவிட்டால் குறி தப்பாது என்று நம்புகிறவர்கள் சேலத்தில் நிறைய இருக்கிறார்கள். ஏர்கன், அதாவது காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி, வாங்கிய கையோடு கேட்கும் முதல் கேள்வியே, “எத்தனை எக்ஸ் ஸ்கோப் போடலாம்ணா?” என்பதுதான். எக்ஸ் என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதைக் குறிக்கும். ஆனால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. அதில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். சிறு துளை வழியாக வெறும் கண்ணால் பார்த்தே அதை அடிக்கிறார்கள். அப்படியானால் ஸ்கோப் எதற்கு, அது என்னதான் செய்கிறது?

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்துக்குள் காட்டுமாடு புகுந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டுமே தவிர, துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. இது சரியான சட்டம் என்றே நான் நினைக்கிறேன். தோட்டா போட்டுச் சுடும் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். குழல் 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைபிளுக்கு வேண்டாம். ஆக, நமக்கு இலக்கு அட்டைதான். வெளிநாட்டு வேட்டை ரைபிளுக்கும் நம் ஏர் ரைபிளுக்கும் இயற்பியல் ஒன்றே.

ஸ்கோப்புக்கு முன் ரைபிளைப் பார்த்துவிடலாம். ஒற்றைத் தோட்டா ரைபிளில் மகசின், அதாவது பல தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி, கிடையாது. குழலின் பின்பக்கத்தைத் திறந்து, ஒரு தோட்டாவை வைத்து, மூடிச் சுட வேண்டும். அமெரிக்காவில் ஜான் பிரவுனிங் 1879-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இதில் பெயர் பெற்றது. கீழேயுள்ள லீவரை இறக்கினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டி செங்குத்தாகக் கீழே இறங்கி வழிவிடும். 1967-இல் வந்த ரூகர் நம்பர் 1 ரைபிளும் இதே வகைதான். மற்ற ரைபிள்களில் தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட் முன்னும் பின்னும் ஓட இடம் வேண்டும், இதில் அதை ஒதுக்க வேண்டாம் என்பதால், அதே மொத்த நீளத்தில் குழலை இன்னும் நீளமாக வைக்க முடிகிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும், குழலை மடக்கி ஒவ்வொரு குண்டாகப் போடும் ஏர் ரைபிளும் ஒற்றைக் குண்டு ரகம்தான். பழக வருகிறவருக்கு இதுவே நல்லது என்பேன். அடுத்த குண்டு தயாராக இல்லை என்று தெரிந்தால், விசையை அழுத்துவதற்கு முன் மூச்சும் கையும் தானாக அடங்கும்.

மலையோரங்களில் போலீஸ் பிடிக்கும் நாட்டுத் துப்பாக்கியும் பெரும்பாலும் ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்ப வேண்டிய வகைதான். ஆனால் அதன் குழல் உள்ளே வழுவழுவென்று இருக்கும். ரைபிள் குழலின் உட்சுவரிலோ மரை மாதிரி சுற்றிப் போகும் பள்ளங்கள் உண்டு. பாயிண்ட் 22 ரைபிளில் (குழலின் விட்டம் 0.22 அங்குலம்) அந்த மரை வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் வெளியே வந்தால், வினாடிக்கு 800 தடவைக்கு மேல் சுழல்கிறது என்று கணக்கு. அந்தச் சுழற்சிதான் குண்டு குட்டிக்கரணம் போடாமல் மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு போகக் காரணம்.

இப்போது ஸ்கோப். முன் லென்ஸ் இலக்கின் பிம்பத்தைத் தலைகீழாக உண்டாக்குகிறது. நடுவில் இருக்கும் லென்ஸ்கள் அதை நிமிர்த்துகின்றன. கண்ணருகே உள்ள லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பிம்பம் விழும் தளத்தில் கூட்டல் குறி போன்ற கோடுகள் பொருத்தப்பட்டிருப்பதால், இலக்கும் கோடும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிகின்றன. பிம்பம் அந்தத் தளத்தில் சரியாக விழாவிட்டால் பிசகு வரும். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால் முள் வேறு எண்ணில் நிற்குமே, அதே சங்கதிதான். தலையைக் கொஞ்சம் அசைத்தால் கோடு இலக்கின் மேல் நகரும். பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்புகள் பலவற்றில் இந்தப் பிசகு 100 மீட்டர் வாக்கில் மறையும்படி கம்பெனியிலேயே சரிசெய்திருப்பார்கள். அதை ஏர் ரைபிளில் மாட்டிப் பத்து மீட்டரில் பார்த்தால் படமும் மங்கும், கோடும் அலையும்.

இன்னொரு விஷயம். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4x32, அதாவது நாலு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 32 மி.மீ. என்றால் 8 மி.மீ. 9x40 என்றால் நாலரைகூட இல்லை. பெரிய எண் வாங்கினால் படம் பெரிதாகும், ஆனால் கண்ணை வைக்கும் இடம் குறுகிவிடும், கை நடுக்கமும் அத்தனை மடங்கு தெரியும். முதல் ஸ்கோப்புக்கு நாலு எக்ஸ் தாராளம்.

இதில் எதுவுமே குண்டைத் தொடவில்லை, கவனித்தீர்களா? குழலை விட்டு வந்த நொடியிலிருந்து குண்டு விழத் தொடங்குகிறது. வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் போகும் வேட்டை ரைபிளின் குண்டுகூட 100 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 7 செ.மீ. இறங்கிவிடும். பார்வை மட்டும் நேர்கோட்டில் போகிறது. அதனால் குழலை அந்தக் கோட்டுக்கு மிகக் கொஞ்சமாக மேல்நோக்கிச் சாய்த்து வைக்கிறோம். அந்தச் சாய்வை நிர்ணயிக்கத்தான் ஸ்கோப்பின் மேலே ஒரு திருகு.

ஒரு கணக்குப் போடலாம். ஏர் ரைபிள் குண்டின் வேகம் வினாடிக்கு 200 மீட்டர், ஸ்கோப் குழலுக்கு 4.5 செ.மீ. மேலே இருக்கிறது, 25 மீட்டரில் குறி சரிசெய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டரில் சுட்டால் குண்டு சுமார் 2 செ.மீ. கீழே படும். கிட்டத்தட்ட 12 மீட்டரில் பார்வைக்கோட்டைத் தாண்டி மேலே ஏறும். 15 மீட்டரில் அரை செ.மீ. மேலே. 25-இல் மறுபடி கோட்டுக்கு வரும். 35-இல் 4 செ.மீ. கீழே போய்விடும். கிட்டத்தில் கீழே அடிக்கிறது, கொஞ்சம் தள்ளினால் மேலே அடிக்கிறது, துப்பாக்கியே கோணல் என்று சிலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான். துப்பாக்கி சரியாகத்தான் இருக்கிறது. பார்வைக்கோடும் குண்டின் பாதையும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

குறி சரிசெய்யும்போது ஒரு குண்டை நம்பித் திருகாதீர்கள். ஐந்து குண்டு சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் நடுவைப் பாருங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு ‘கிளிக்’ என்பது கால் எம்.ஓ.ஏ., அதாவது ஒரு பாகையில் 240-இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 7 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ. கூட்டம் 3.6 செ.மீ. கீழே இருந்தால் 20 கிளிக் மேலே. அப்புறம் மறுபடி ஐந்து. இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்க வேண்டும். பாயிண்ட் 22 குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் காற்றில் மோதி நிற்கும்போது முன்னே இழுக்கும். இரண்டு பக்க அதிர்வையும் தாங்கும்படி செய்யாத ஸ்கோப்பின் உள்கோடுகள் சீக்கிரமே தளர்ந்துவிடும். ஏர் ரைபிளுக்கென்றே விற்கும் ஸ்கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

சேலத்தில் சரிசெய்த ரைபிள் ஏற்காட்டில் மாறுமா? சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. மேலே குளிர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் குண்டின் வேகம் அங்கே கொஞ்சம் மெதுவாகத்தான் குறையும். 300 மீட்டர் சுடும் ரைபிளில் இது தெரியும், 25 மீட்டரில் தெரியாது. சரிவுதான் பெரிய விஷயம். 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் என்றால், கிடைமட்டத்தில் 87 மீட்டர்தான். குண்டு இறங்குவது கிட்டத்தட்ட அந்தக் கிடைமட்டத் தூரத்துக்கு ஏற்றபடிதான். அதனால் சமதரையில் 100 மீட்டருக்குக் குறி சரிசெய்த பாயிண்ட் 22-இல் குண்டு சுமார் 7 செ.மீ. மேலே படும். மேட்டைப் பார்த்துச் சுட்டாலும் சரி, பள்ளத்தைப் பார்த்துச் சுட்டாலும் சரி, மேலேதான். பள்ளத்தில் சுட்டால் கீழே படும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அது தவறு.