சுழலும் பருந்தை எண்ணாதீர்கள்

கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு மேலே வட்டமிடும் கள்ளப்பருந்துகளை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? முப்பதைத் தாண்டியதும் கணக்கு தடுமாறிவிடும். எண்ணிய பறவையே மறுபடி சுற்றிக்கொண்டு வந்து நிற்கும். மலைமுகடுகளில் உட்கார்ந்து வலசைப் பருந்துகளை எண்ணுகிறவர்கள் இந்தத் தொல்லைக்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: சுழலும்போது எண்ணுவதே இல்லை.

வெயில் ஏற ஏற, பாறையும் தார்ச்சாலையும் பக்கத்து மரக்கூட்டத்தைவிடச் சீக்கிரம் சூடேறுகின்றன. அங்கே காற்று இலேசாகி, தூண்போல மேலெழுகிறது. பருந்து அதற்குள் புகுந்து இறக்கையை விரித்து வைத்துக்கொண்டால் போதும். நேராகப் பறந்தால் சில நொடிகளில் தூணை விட்டு வெளியே வந்துவிடும், அதனால்தான் வட்டம். உச்சியை எட்டியதும் அடுத்த தூணை நோக்கிச் சறுக்குகிறது. ஒரு கிலோமீட்டர் உயரம் கையிருப்பில் இருந்தால் சுமார் பத்து கிலோமீட்டர் சிறகடிக்காமலே போகலாம். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பார்கள். போகட்டும், வழியெல்லாம் சிறகடித்து உழைப்பது குருவிதான். பருந்து சுத்தச் சோம்பேறி.

சறுக்கும்போது பறவைகள் சரம்சரமாக வரும். வானில் ஒரு கோட்டை மனத்தில் போட்டுக்கொண்டு, அதைக் கடப்பவற்றுக்கு மட்டும் கையிலுள்ள எண்ணும் கருவியை அழுத்துவார்கள். அமெரிக்காவின் ஹாக் மவுண்டன் மலையில் 1934இலேயே வலசைப் பருந்துகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஜார்ஜியா நாட்டின் பட்டுமியில் ஒரே இலையுதிர் காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் எண்ணுகிறார்கள். கடலின்மேல் வெப்பத் தூண்கள் சரியாக எழாததால், கருங்கடலுக்கும் மலைக்கும் இடையிலுள்ள இடுக்கில் அத்தனையும் நெருக்கியடித்து வருகின்றன. சென்னையிலும் மதியம் கடற்காற்று நுழைந்ததும் கரையோரத் தூண்கள் அடங்கிவிடும்.

மலையில் வானிலை மணிக்கொரு முகம் காட்டும். காலை மூடுபனியில் ஒன்றும் தெரியாது. பனி விலகி வெயில் அடித்தால் கொண்டாட்டம் என்று நினைப்போம். துல்லிய நீல வானம்தான் எண்ணுகிறவரின் எதிரி. பருந்துகள் புள்ளியாகும் உயரத்துக்குப் போய்விடும், வெறும் நீலத்தில் கண்ணுக்குப் பிடிப்பும் கிடைக்காது. நாலு வெள்ளை மேகம் மிதந்தால் அதே புள்ளிகள் பளிச்சென்று தெரியும். சரிவில் காற்று மோதி மேலேறும் நாட்களில் முகட்டையொட்டிக் கண்மட்டத்திலேயே பறந்து போகும். மழை வந்தால் மரங்களில் அடங்கிவிடும். விட்டதும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஆகவே பதிவேட்டில் பறவைகளோடு மேகம், காற்றின் திசை, பார்வைத் தொலைவு எல்லாம் மணிக்கு மணி ஏறுகின்றன. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ‘மூடுபனி’ என்று இருந்தால் படிப்பவர் புரிந்துகொள்வார்.

குளிர்காலத்தைக் கழிக்கப் பள்ளிக்கரணைக்கு வரும் சேற்றுப் பூனைப்பருந்துகளிடம் இந்த வித்தை பலிக்காது. நாணலுக்கு மேலே தாழப் பறந்து இரை தேடும் அவற்றை, அந்தியில் தரையில் அடைய வரும்போதுதான் எண்ணவேண்டும்.