நோட்டில் எழுதிய நடைப்பயிற்சியும் எரியாத தெருவிளக்கும்

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சர்க்கரை நோய்க்காக இரண்டு வருடமாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். வரும்போதெல்லாம் அவருடைய நோட்டில் ‘தினமும் 30 நிமிடம் நடக்கவும்’ என்று எழுதுவேன். அடுத்த முறை வந்ததும் “நடந்தீங்களாம்மா?” என்பேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஒருநாள் பொறுமை இழந்து, ‘ஆலோசனையைப் பின்பற்றுவதில்லை’ என்று குறித்துவைத்தேன்.

சில மாதம் கழித்து அவர் குடியிருக்கும் பகுதியில் கூட்டம் போட்டோம். ரத்த அழுத்தப் பரிசோதனை, உணவு ஆலோசனை, துண்டுப் பிரசுரம் என்று எங்கள் திட்டம் முழுசாகத் தயாராக இருந்தது. எல்லாம் பேசி முடித்து, கிளம்பும் நேரத்தில் “உங்களுக்கு வேற ஏதாவது தேவையா?” என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து அதே அம்மா எழுந்தார்.

“டாக்டரம்மா, எங்க தெருமுனை லைட்டு எரியாம எட்டு மாசமாச்சு. நான் வேலை முடிஞ்சு வர்றப்பவே இருட்டிடுது. நாய் வேற துரத்துது. எங்க போய் நடக்கச் சொல்றீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு வருடத்தில் ‘நடந்தீர்களா’ என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ‘ஏன் நடக்க முடியவில்லை’ என்று ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

மக்கள் பங்கேற்பு என்ற சொல் எங்கள் துறைக்குப் புதிதில்லை. தங்கள் ஆரோக்கியப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் செயல்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று 1978-லேயே, ஆரம்ப சுகாதாரம் பற்றி உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா-அட்டா பிரகடனம் சொல்லிவிட்டது. அதற்கும் முன்பு, 1969-இல், ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கைக்கு வருவது அதற்கெல்லாம் மேலே. நான் போட்ட கூட்டம் மூன்றாம் படியில்தான் நின்றது. அந்த அம்மா கையைப் பிடித்து மேலே இழுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் பிரசுரங்களை எடுத்துப் போகவில்லை. சாக்பீஸ் டப்பா ஒன்றோடு போனோம். தரையில் தங்கள் பகுதியை வரையச் சொன்னோம். நான் வரைந்திருந்தால் மருத்துவமனை, மருந்துக் கடை, குடிநீர்க் குழாய் என்று குறித்திருப்பேன். அவர்கள் வரைந்தது வேறு ஊர் போல இருந்தது. எந்த முனை இருட்டு, எங்கே தண்ணீர் தேங்கும், எந்தத் திண்ணையில் யார் தனியாக உட்கார்ந்திருப்பார், எந்தச் சந்தில் பெண் பிள்ளைகள் தனியாகப் போகத் தயங்குவார்கள். சிறுவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். நாய்கள் எந்த நேரத்தில் எங்கே படுத்திருக்கும் என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு நோட்டு போட்டார்கள். எரியாத கம்பங்களின் எண், புகார் கொடுத்த தேதி, புகார் எண், யாரிடம் பேசினோம், அவர் என்ன சொன்னார். ஐந்து பேர் சேர்ந்து உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே நான் பேச வாயெடுத்ததும் ஒரு பெண் என் கையை லேசாக அமர்த்தினார். அவர்களே பேசினார்கள். மூன்று முறை அலைந்த பிறகு விளக்கு எரிந்தது. சாயங்காலம் எட்டுப் பெண்கள் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள்.

அந்த அம்மாவின் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. மழைக்காலத்தில் நடப்பவர்கள் மூன்று பேராகக் குறைந்துவிடுகிறார்கள். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தனியாக இருக்கும் பெரியவர் ஒருவரின் கதவு இரண்டு நாளாகச் சாத்தியே இருந்ததை அந்த நடைக்கூட்டம்தான் கவனித்தது. தட்டிப் பார்த்தார்கள். காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தது. எங்கள் திட்ட அறிக்கையில் இதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை.

இது ஒரு தெருவின் அனுபவம் மட்டும்தானே என்று கேட்கலாம். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம்தோறும் பெண்கள் குழுக்களைக் கூட்டினார். அவர் மருத்துவப் பணியாளர் இல்லை. பிரசவத்தில் என்னென்ன சிக்கல் வருகிறது என்று பெண்களே பேசினார்கள், தீர்வையும் அவர்களே முடிவு செய்தார்கள். அவசரச் செலவுக்குச் சேமிப்பு நிதி, தூக்கிச் செல்ல ஸ்ட்ரெச்சர், சுத்தமான பிரசவப் பொருட்கள் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு வழி கண்டது. குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு 1000 பிறப்புக்கு 26.2, மற்ற பகுதிகளில் 36.9. புது மருந்து எதுவும் இதில் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மனநலத்திலும் இதைப் பார்க்கலாம். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிமார்களோடு வேலையைத் தொடங்கினார். கிளினிக் வளாகத்து மர பெஞ்சில் உட்கார்ந்து, மனச்சோர்வோடு வருபவர்களுடன் அவர்கள் பேசினார்கள். முதலில் அதற்கு வைத்த பெயர் ‘மனநல பெஞ்ச்’. யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டிமார்கள் சொன்ன யோசனைப்படி ‘நட்பு பெஞ்ச்’ ஆனது, ஆட்கள் வந்தார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து மனச்சோர்வின் அறிகுறிகள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேரிடம் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேரிடம்தான் இருந்தன. பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்பதைக்கூட அந்த இடத்து மக்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

எங்கள் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அமைத்த குழுவில் சொந்த வீட்டுக்காரர்கள்தான் நிறைந்திருந்தார்கள். காரணம், கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்தோம். வாடகைக்கு இருப்பவர்கள், அடுத்த வீடுகளில் வேலை செய்பவர்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? இரவு எட்டரைக்கு மாற்றினோம். கூச்சலும் குழந்தைகளின் அழுகையுமாக இருந்தது, ஆனால் அதுவரை கேட்காத குரல்கள் கேட்டன. ஆண்கள் முன்னால் பேசத் தயங்கிய பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் வைத்தோம். கழிவறைப் பிரச்சினை அங்கேதான் வெளிவந்தது.

இன்னொரு தவறு கொஞ்சம் வலித்தது. ரத்த அழுத்தம் பார்க்கப் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர், குறிப்பு நோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தார். யாருக்கு என்ன நோய் என்று மறுநாள் தெரு முழுக்கப் பேச்சு. ஒரு பெண் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரே சுகாதாரப் பணி செய்யும்போது ரகசியம் காப்பதுதான் முதல் பாடம். கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லித் தந்திருக்க வேண்டியது நாங்கள்.

தன்னார்வலர்களைப் பற்றி ஒன்று: சேவை என்று சொல்லிச் சொல்லியே பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. மாதத்தில் பத்து நாள் வீடு வீடாகப் போகிறவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அரசு கையைக் கழுவுவதற்கும் இது சாக்காகிவிடக் கூடாது. பாகிஸ்தானில் கராச்சியின் ஓரங்கி குடியிருப்பில் 1980-இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய பணி இதில் நல்ல எல்லைக்கோடு போட்டது. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தன் கழிவுநீர்க் குழாயைத் தன் செலவில் பதித்துக்கொண்டது. வீட்டுக் கழிவறை, சந்துக் குழாய் எல்லாம் மக்கள் பொறுப்பு. அவை போய்ச் சேரும் பெரிய வடிகாலும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு.

எங்கள் தெருக்காரர்களின் நோட்டு இப்போது இரண்டாவது நோட்டாகிவிட்டது. அதன் முதல் பக்கத்தில் திறந்து கிடக்கும் வடிகால் இருக்கிறது. தங்கள் பக்கத்துச் சிறு கால்வாயை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களே தூர்வாரிவிட்டார்கள். பெரிய வடிகாலுக்கு நான்கு புகார் எண்கள் எழுதியாகிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி போகிறார்கள். நானும் போகிறேன்.