பாசியைத் தேய்ப்பதா, வளர்ப்பதா?

"கட்டையில் இருக்கும் பாசியைப் பழைய பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து எடுங்கள்." மீன்தொட்டிப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றின் தமிழாக்கத்தில் வந்த வரி. நண்பர் ஒருவர் அப்படியே செய்தார். அவர் தேய்த்து எடுத்தது, நூல் சுற்றி 4 மாதமாக வளர்த்த ஜாவா மாஸ் (moss) என்ற நீர்ச்செடி. அவர் மேல் என்ன தப்பு? அதே குறிப்பில் அதற்கும் பெயர் 'ஜாவா பாசி'தான்.

பசுமை, பச்சை, பாசிப்பயறு, பாசி எல்லாம் ஒரே வேர். ஊர்க் கேணித் துறையில் படர்ந்திருக்கும் பாசி, தொட்டால் விலகும், விட்டால் மூடிக்கொள்ளும். காதலனைப் பிரிந்தவள் மேனியில் படரும் பசலையும் அப்படித்தான் என்கிறது குறுந்தொகை 399. இன்றும் நம் காதுக்குப் பாசி என்றால் அதுதான்: கேட்காமல் வந்து படிவது, காலை வழுக்கிவிடுவது. ஆல்காவுக்கு (algae) அந்தச் சொல் கச்சிதம்.

மாஸ் வேறு. ஒரு துணுக்கை எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மெல்லிய தண்டு, அதில் வரிசையாகக் குட்டி இலைகள். உண்மையான வேர் மட்டும் கிடையாது. அதனால்தான் மண்ணில் நடாமல் கட்டையில் கட்டுகிறோம். ஆல்காவில் இந்தத் தண்டு, இலை எதுவும் இல்லை. இரண்டையும் பாசி என்று எழுதினால், "பாசி வந்தால் விளக்கை 6 மணி நேரத்துக்குக் குறையுங்கள்" என்பதும், "பாசிக்கு மங்கிய விளக்கே போதும், நன்றாக வளரும்" என்பதும் ஒரே பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, மாஸ் என்றே விட்டுவிடலாமா? 'தொட்டியில் மாஸ்' என்றால் மீன் யாருக்கோ பஞ்ச் டயலாக் பேசுவதுபோல இருக்கிறது. 'இலைப்பாசி' என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க அழகுதான், ஆனால் மீன் வளர்ப்பவன் அதை இலைமேல் படியும் பாசி என்றுதான் படிப்பான். அனுபியாஸ் என்ற தொட்டிச்செடியின் இலையில் கரும்புள்ளியாக ஒட்டுகிறதே, அது. தவிர, இப்படிச் சேர்ந்து வரும் பெயர்களில் பின்னால் நிற்பதே பொருளின் இனம். கடற்பாசி பாசி, சுருள்பாசியும் பாசி. இலைப்பாசியும் பாசியாகத்தான் போகும், மறுபடி பிரஷ் வெளியே வரும். அதனால் நான் 'பாசிச்செடி' என்று எழுதுகிறேன். செடி என்றால் யாரும் சுரண்ட மாட்டார்கள். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியோடு ஒரு தொட்டியையும் எட்டிப் பார்த்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

ஆங்கிலமும் யோக்கியம் இல்லை. ஜப்பானின் அக்கான் ஏரிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த மாரிமோவை 'மாஸ் பால்' (moss ball) என்று விற்கிறார்கள். அது மாஸே அல்ல, உருண்டையாக வளரும் ஆல்கா. அதைப் 'பாசிப்பந்து' என்று தமிழாக்கியவர், தெரியாமலேயே சரியாக எழுதிவிட்டார்.