காசில் விழுந்த காயம் எப்போது விழுந்தது?

போன வைகாசியில் எங்கள் திருகோணமலையின் திருக்கடலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு செப்புக் காசைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். விக்டோரியா தலை போட்ட பழைய ஒரு சதம். ஓரத்தில் பிறை போல ஒரு துண்டைக் காணவில்லை. "அண்ணை, இது அச்சுப் பிழையாம். நல்ல விலை போகுமாம், உண்மையா?" என்று கேட்டார். நான் காசைத் திருப்பி, வெட்டுக்கு நேர் எதிரே இருந்த விளிம்பைத்தான் முதலில் பார்த்தேன்.

ஏன் எதிர்ப்பக்கம் என்பது விளங்க, காசு பிறக்கும் விதம் தெரிய வேண்டும். நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளைத் துளைத்தெடுப்பார்கள். வில்லையை இரு பக்கமும் நெருக்கி உருட்டி, விளிம்பைச் சற்று மேடாக்குவார்கள். அப்புறம் அதை ஓர் உருக்கு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் அச்சு வைத்து, பல தொன் விசையில் ஓர் அடி. உலோகம் அங்கே உருகுவதில்லை. கொழுக்கட்டை அச்சுக்குள் மா பிதுங்கி மூலைகளை நிரப்புவது போல, குளிர்ந்த உலோகமே பிதுங்கி அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. வெளியே வழியாமல் தடுப்பது வளையம்.

ஆகவே எந்தக் குறையும் மூன்று காலங்களில் ஒன்றில்தான் வந்திருக்கும்: அடிக்கு முன், அடி விழும்போது, அடிக்குப் பின். முதல் இரண்டும் நாணயச்சாலையின் பிழை, சேகரிப்பாளர் தேடுவது அவற்றைத்தான். மூன்றாவது வெறும் சேதம்.

தகட்டில் ஏற்கனவே துளைத்த இடத்தின் மேல் துளைக்கருவி மறுபடி இறங்கினால் வில்லை பிறை வெட்டோடு பிறக்கும். அந்த வில்லையை விளிம்பு மேடாக்கும் பொறியில் உருட்டும்போது, வெட்டுள்ள இடம் நெருக்குதலைத் தாங்காது. ஒரு பக்கம் பிடி இல்லையென்றால் நேர் எதிர்ப்பக்கத்திலும் நெருக்குதல் விழாது. அதனால் எதிர்ப்பக்க விளிம்பு மங்கியோ இல்லாமலோ போகும். சேகரிப்பாளர்கள் இதை பிளேக்ஸ்லி விளைவு என்கிறார்கள். எல்லா உண்மை வெட்டிலும் இது தெளிவாகத் தெரியாது. ஆனால் இருந்தால் பலமான சாட்சி. தம்பியின் காசில் எதிர் விளிம்பு முழுசாக, திடமாக நின்றது. பூதக்கண்ணாடியை வெட்டின் மேல் கொண்டுபோனேன். எழுத்தொன்று பாதியில் கூராக அறுந்திருந்தது, வெட்டு முகத்தில் அரம் ஓடிய கோடுகள். பிறப்பிலேயே வெட்டு இருந்தால் அடி விழும்போது உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி வழியும், எழுத்தும் அந்தப் பக்கம் இழுபட்டு மெலியும். இது பின்னாளில் யாரோ அறுத்தது. தம்பியின் முகம் வாடிவிட்டது. எனக்கும் கவலைதான்.

இதே கேள்வியைத் தட்டையான காசிடமும் கேட்கலாம். வளையம் இல்லாமல் அடிபட்ட காசு அகலமாக விரியும், விளிம்பில் வரிப்பல், அதாவது வரிசையான குறுக்குக் கோடுகள், இருக்காது. ஆனாலும் நடுவில் உருவம் கூர்மையாகவே இருக்கும். எங்கள் புகையிரத நிலையத்துக்கு அப்பால் தண்டவாளத்தில் பிள்ளைகள் வைத்து எடுக்கிற காசு அப்படியல்ல. இரண்டு முகமும் ஒரே திசையில் நசுங்கி, எழுத்துகள் நீண்டு வழுக்கியிருக்கும்.

ஐந்து ரூபாய்க் குற்றியைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஒன்றைக் காந்தம் பிடிக்கிறது, இன்னொன்றைப் பிடிக்கவில்லை, எது கள்ளக் காசு என்று. இரண்டும் நல்ல காசுதான். முந்தியது பித்தளை வகைக் கலவை, 2005ஆம் ஆண்டு வந்தது பித்தளை முலாம் பூசிய உருக்கு. அந்த முலாமை அமிலத்தில் கரைத்துவிட்டு "முலாம் விடுபட்ட வெள்ளி நிற ஐந்து ரூபாய்" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அமிலம் பட்ட முகம் சொரசொரத்து, எழுத்தின் மூலைகள் மழுங்கியிருக்கும்.

எங்கள் ஊரில் காசுக்குப் பெரிய எதிரி உப்புக்காற்று. பக்கத்திலேயே உப்புவெளி என்று ஓர் ஊர்ப் பெயரே இருக்கிறதே! சைவ சித்தாந்தத்தில் ஆணவத்தைச் செம்போடு கூடப்பிறந்த களிம்புக்கு ஒப்பிடுவார்கள். சேகரிப்பாளருக்குக் களிம்பு பின்னால் வந்து சேர்வது. கடல் உப்பிலுள்ள குளோரைட்டு செம்போடு சேர்ந்து செப்புக் குளோரைட்டாகிறது. ஈரமும் ஒட்சிசனும் பட்டதும் அதிலிருந்து ஐதரோகுளோரிக் அமிலம் பிறந்து, அடுத்த செம்பை அரிக்கும். அரித்ததும் மறுபடி குளோரைட்டு. இப்படியே சுற்றும். கரும்பச்சையாய், இறுக்கமாய், ஒரே சீராய் இருக்கும் படலம் பெரும்பாலும் அடங்கியது, அதைத் தொடாதீர்கள். வெளிர்பச்சைத் தூளாய் உதிர்வது உயிருள்ள நோய். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் காசைப் போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றிக் கிழமைக் கணக்கில் ஊறவிட்டு, நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். மென்மையான பீவீசீ உறைகளும் வேண்டாம், நாள் போக அவையே அமிலத்தைக் கசியவிட்டுக் காசில் பச்சைப் பிசினை உண்டாக்கும்.

குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுக் காசைத் தேய்ப்பவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. நூறு வருடத் தோல் ஐந்து நிமிடத்தில் போய்விடும். தயவு செய்து தேய்க்காதீர்கள்.

வெள்ளிக் காசில் போலியைப் பிடிக்கத் தண்ணீரே போதும். சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் 1893ஆம் ஆண்டு ஐம்பது சதம் வாங்கினேன். அது 80 வீதம் வெள்ளி, மிச்சம் செம்பு, எடை 5.83 கிராம் இருக்க வேண்டும். நகைத் தராசில் 5.80 காட்டியது. தேய்மானம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து தராசில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, அளவைப் பூச்சியமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். அப்போது தராசு காட்டுவது காசு தள்ளிய தண்ணீரின் எடை, அதாவது காசின் கனவளவு. நல்ல காசென்றால் 0.57 அளவில் நிற்க வேண்டும். 0.66 வந்தது. 5.80ஐ 0.66ஆல் வகுத்தால் 8.8. அந்தக் கலவையின் அடர்த்தி 10.1 அளவில் இருக்க வேண்டும், 8.8 செம்புக்கும் நிக்கலுக்கும் கிட்டிய எண். பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்தால் எல்லாமே தெரிந்தது: எழுத்தும் உருவமும் இல்லாத வெறும் பரப்பில் ஊசிமுனைக் குழிகள், சோப்பில் செய்தது போல உருண்ட எழுத்து மூலைகள், விளிம்பு வரிப்பல்லின் நடுவே வார்ப்பு ஒட்டிய கோடு. தண்ணீர் காட்டிக்கொடுக்கும் வரை என் கண்ணுக்கு இவை படவில்லை.

இந்த விதிகள் எல்லாம் பொறி அடித்த காசுக்கே. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தர் எங்கள் ஊரிலேயே அடித்த செப்பு ஸ்டூவர் காசில், அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. (VOC) முத்திரைக்கு மேல் திருகோணமலையைக் குறிக்கும் 'ரி' (T) என்ற ரோம எழுத்து இருக்கும். செம்புத் துண்டைக் கையால் அடித்தது, வளையம் கிடையாது. முத்திரை ஓரத்துக்கு ஓடுவதும் வடிவம் கோணுவதும் அதன் இயல்பு, பிழை விலை அதற்கு இல்லை. ஆனால் அந்தக் கோணலே போலியைக் காட்டிக்கொடுக்கும். கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே மாதிரிக் கோணுவதில்லை. போன வருடம் ஒருவர் இரண்டு ஸ்டூவர்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் முத்திரை இடது பக்கம் அதே அளவு சரிந்திருந்தது, கீழ் விளிம்பில் அதே இடத்தில் அதே வெடிப்பு.