எச்சம் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்: உளுந்து விதைப்பண்ணையில் காய்ப்புழு

ஐப்பசி மாதம், மூன்று நாளாக மூடாப்பு. ஆலங்குடிப் பக்கம் வம்பன் 8 ரக உளுந்தில் விதைப்பண்ணை போட்டிருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "சார், பொறி வச்சு பத்து நாளாச்சு. ஒரு அந்துப்பூச்சிகூட விழல. அப்புறம் ஏன் பூவெல்லாம் கொட்டுது?"

போய்ப் பார்த்தேன். பொறி நல்ல பொறிதான். ஆனால் அதில் வைத்திருந்தது பச்சைக் காய்ப்புழுவுக்கான கவர்ச்சி மாத்திரை. அந்த வாசனைக்கு அந்த இனத்தின் ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான் வரும். அவர் வயலில் இருந்ததோ புள்ளிக் காய்ப்புழு, அதாவது மரூக்கா. பொறி காலியாக இருந்ததை நம்பி அவர் பத்து நாளை இழந்துவிட்டார். பூக்கிற நேரத்தில் உளுந்துக்குப் பத்து நாள் என்பது மகசூல் தீர்மானமாகிற காலம்.

"ஐயா, இந்தக் கொத்தைப் பாருங்க" என்று ஒரு பூங்கொத்தைப் பிடித்துக் காட்டினேன். இரண்டு பூ, ஒரு மொட்டு, ஒரு பிஞ்சு, பக்கத்து இலையின் ஓரம் எல்லாம் மெல்லிய நூலால் ஒன்றாகத் தைத்த மாதிரி இருந்தன. மெதுவாகப் பிரித்தால் உள்ளே ஈரமான பழுப்பு எச்சம், அதாவது புழுவின் கழிவு. அதற்கடியில் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் வெளிர் பச்சை கலந்த வெள்ளைப் புழு. தலை பழுப்பு. முதுகில் கணுவுக்குக் கணு இரண்டிரண்டாகக் கரும்புள்ளிகள். விரல் பட்டதும் நெளிந்து பின்வாங்கி மண்ணில் விழுந்தது.

இதன் அந்துப்பூச்சி இரவில் பறப்பது. முன்சிறகு பழுப்பு, நடுவில் கண்ணாடி போன்ற வெள்ளைத் திட்டுகள். பின்சிறகு வெள்ளை, ஓரம் மட்டும் பழுப்பு. பகலில் இலையடியில் சிறகை விரித்தபடி உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்துப்பூச்சியைத் தேடி அலைய வேண்டாம் என்றுதான் சொல்வேன். புழு விட்டுப்போகும் தடயமே போதும்.

ஓட்டையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எச்சம் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பாருங்கள். நூல் பின்னலும், ஓட்டை வாயில் வெளியே தள்ளிய எச்சமும் இருந்தால் மரூக்கா. பின்னலே இல்லாமல், பெரிய வட்ட ஓட்டையில் தலையை மட்டும் நுழைத்து உடம்பை வெளியே விட்டுத் தின்றுகொண்டிருந்தால் பச்சைக் காய்ப்புழு. துவரை, மொச்சை, தட்டைப்பயறு போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காய் வெளியே பெரிய சேதமில்லாமல் இருக்கும். பிளந்தால் உள்ளேயே எச்சம் குவிந்திருக்கும். அது முள் காய்ப்புழு. தலைக்குப் பின்னால் ஐந்து கரும்புள்ளி, முதலில் பச்சை, கூட்டுப்புழுவாகும் முன் இளஞ்சிவப்பு.

இனம் தெரிவது ஏன் முக்கியம் என்றால், மரூக்கா பின்னலுக்குள் புகுந்துவிட்டால் மேலே அடிக்கிற மருந்து அதன் உடம்பில் படாது. பெரியவர் அதற்குள் உரக்கடையில் சொன்னபடி ஒரு மருந்தை அடித்தும் இருந்தார். பணம் போனது, புழு அப்படியே இருந்தது. மொட்டு விடும்போதே தொடங்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம் பருப்பு இடித்து ஊறவைத்து எடுத்த 5 சதவீதச் சாறு அந்தக் கட்டத்தில் நன்றாகவே உதவும். எதை அடித்தாலும் சாயங்காலம் அடியுங்கள். காலையில் பூவுக்குத் தேனீ வரும்.

விதைப்பண்ணைக்காரர்களுக்குக் கவலை ஒரு படி அதிகம். விதைச்சான்று விதிப்படி பயறு விதையில் பூச்சி அரித்தது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுத்தம் செய்யும்போது இதில் ஒரு குழப்பமும் வரும். அரிபட்ட விதை எல்லாம் காய்ப்புழு வேலை அல்ல. உளி வைத்தது போல் வட்ட ஓட்டையும் மேல்தோலில் ஒட்டிய வெள்ளை முட்டையும் இருந்தால் அது பயறு வண்டு. அதற்குச் சேமிப்பில்தான் வைத்தியம். காய்ப்புழு கடித்தது கோணல்மாணலாக, பாதி காணாமல் இருக்கும்.

முதல் மொட்டு கண்ட நாளிலிருந்து வாரம் இரண்டு முறை, வயலின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்தைந்து செடியில் கொத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் எனக்குப் படம் அனுப்புங்கள். மூடிய காயின் படம் வேண்டாம். காயைப் பிளந்து, எச்சம் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள்.