பிராட்பேண்ட்: அகண்ட அலைவரிசையா, அகலப்பட்டையா?

பாளையங்கோட்டையில் எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பழைய டெலிபோன் வயர் வழியாகவே ‘அதிவேக அகண்ட அலைவரிசை’ இணைப்பு தருவார்களாம். கீழ்வீட்டு அண்ணாச்சி வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இத்துனூண்டு கம்பியில என்னவே அகலம் இருக்கு?” என்று கேட்டார். நல்ல கேள்வி. பிராட்பேண்ட் என்ற சொல்லின் பொருளே அதற்குள்தான் இருக்கிறது.

பிராட் என்றால் அகலம். பேண்ட் என்றால் பட்டை, அதாவது ஓர் அலைவெண்ணிலிருந்து (விநாடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு, ஹெர்ட்ஸில் அளப்பார்கள்) இன்னோர் அலைவெண் வரை உள்ள இடம். அந்த இடத்தைத்தான் அகலம் என்கிறோம், கம்பியை அல்ல. அது அகல அகல விநாடிக்குக் கூடுதல் தகவல் போகும். டெலிபோன் பேச்சுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும். அதே செப்புக் கம்பியில் இணையம் அனுப்பும் முறைகளில் ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் (22 லட்சம் ஹெர்ட்ஸ்) வரை ஏறியது, வி.டி.எஸ்.எல். 2 வந்தபோது 30 மெகாஹெர்ட்ஸ். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2014-இல் ஏற்ற ஜி.ஃபாஸ்ட் 106 மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. அலைவெண் கூடக்கூட அலை செம்பில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் கட்டடத்தின் அடிவரை ஒளியிழையை (ஃபைபர்) கொண்டுவந்து, மாடியேறும் கடைசி 100 மீட்டருக்குள் மட்டும் பழைய வயரை நம்புகிறார்கள். அவ்வளவு கிட்டத்தில் போக்கும் வரத்தும் சேர்த்து விநாடிக்கு 1 கிகாபிட் அளவுக்குக் கிடைக்கும். சுவரை உடைக்க வேண்டாம்.

எனக்கு உறுத்துவது ‘அகண்ட’தான். வடமொழியில் கண்டம் துண்டு, அகண்டம் துண்டுபடாதது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரியுமுன் ஓடும் ஆறு அகண்ட காவிரி. அங்கே ஆறு பரந்தும் கிடப்பதால், அகண்ட என்றாலே பரந்த என்று பொருள் ஒட்டிக்கொண்டது. நமக்கு வேண்டியது ‘அகல்’ என்ற தமிழ் வினை: அகலம், அகன்ற, வாயகன்ற அகல்விளக்கு. திருநெல்வேலி–தென்காசி மீட்டர்கேஜ் ரயில் பாதை 2012-இல் மாறியபோது ‘அகலப்பாதை’ என்றுதானே சொன்னோம்?

‘அலைவரிசை’ வானொலிக்கும் டிவி சேனலுக்கும் போய்விட்ட சொல். ‘அகலக்கற்றை’ என்றும் எழுதுகிறார்கள். கற்றை என்றால் சேர்த்துப் பிடித்த கட்டு, கூந்தல்தான் கண்ணில் வருகிறது. பட்டைக்கு இரண்டு விளிம்பு உண்டு, இடையில் அளக்கலாம்: நெற்றியில் திருநீற்றுப் பட்டை, வேட்டியில் கரைப்பட்டை. அகலப்பட்டை என்பதே சரியாகப் பொருந்துகிறது. பேச்சில் பிராட்பேண்ட் என்றே இருக்கட்டும், ஜி.ஃபாஸ்ட் போன்ற பெயர்களையும் அப்படியே விடலாம். அறிவிப்பில் ‘அகலப்பட்டை இணைப்பு’ என்று எழுதினால் போதும்.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். “வேட்டிக்கரை மாதிரின்னு முதல்லயே சொல்லியிருக்கலாமேவே” என்றார்.