பனிக்குப் பிடி கொடுக்காத உலோகம்

பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஃப்ரீசருக்குள் சுற்றிலும் இரண்டு விரல் தடிமனுக்குப் பனி; ஐஸ் ட்ரே அதோடு ஒட்டிக்கொண்டு அசையாது. பட்டனை அழுத்திவிட்டு உருகும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒருமுறை கத்தியால் குத்தினேன். 'உஸ்ஸ்' என்று கேஸ் வெளியேறியது. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "கத்தி போட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஃப்ரீசரின் அலுமினியத்தைப் பனி ஏன் அப்படிக் கவ்வுகிறது? கைக்கு வழவழப்பாக இருக்கும் தகடு, நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். தண்ணீர் அந்தப் பள்ளங்களில் இறங்கி அங்கேயே உறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அலுமினியத்தின் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் ஆக்சைடு படலத்தில் தண்ணீர் நன்றாக ஒட்டும். ஃப்ரிட்ஜில் இது வெறும் தொல்லை. விமானத்தில் உயிர்போகும் விஷயம். 1982 ஜனவரி 13 அன்று, இறக்கைகளில் பனியோடு வாஷிங்டனில் கிளம்பிய ஏர் புளோரிடா விமானம் பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதி விழுந்தது. பாலத்தில் இருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள்.

தண்ணீர் ஒட்டாத பரப்பு என்றதும் எல்லோருக்கும் தாமரை இலைதான் ஞாபகம் வரும். ஆராய்ச்சியாளர்களும் முதலில் அங்கேதான் போனார்கள். அந்த இலையில் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள் உண்டு; அவற்றுக்கு நடுவே காற்று சிக்கியிருக்கும். துளி அந்தக் காற்று மெத்தைமேல் உருண்டு ஓடிவிடும். மழைத்துளிக்கு இது சரி. ஈரக்காற்றில் இருக்கும் நீராவி துளியாக வந்து விழுவதில்லையே! நேராக மேடுகளின் இடுக்குக்குள் நுழைந்து அங்கேயே உறைகிறது. அப்புறம் பனிக்கு நூறாயிரம் பற்கள் முளைத்த மாதிரிதான். சாதாரணத் தகட்டைவிட மோசமாகக்கூடப் பிடித்துக்கொள்ளும்.

தீர்வு வேறொரு செடியிலிருந்து வந்தது. மேகாலயாவின் காசி மலையிலும் இலங்கையிலும் வளரும், பூச்சிகளைக் குடுவைக்குள் விழவைத்துத் தின்னும் குடுவைத் தாவரங்களின் இனம் அது. குடுவையின் விளிம்பு மழையிலோ தேனிலோ நனைந்திருந்தால் அதன் நுண்ணிய வரிகளில் நீர் படலமாகத் தங்கிவிடும். வெயிலில் காய்ந்த விளிம்பில் தைரியமாக நடக்கும் எறும்பு, நனைந்த விளிம்பில் கால் வைத்தால் நேராக உள்ளேதான். அங்கே கால் படுவது திடப்பொருளின் மேல் அல்ல, திரவத்தின் மேல்.

ஹார்வர்டில் ஜோனா ஐசன்பெர்க் குழு 2011-இல் இதைச் செயற்கையாகச் செய்துகாட்டியது. தாமரையின் காற்று இருந்த இடத்தில் எண்ணெய். அடுத்த ஆண்டே அலுமினியத்துக்கு வந்தார்கள். மின்சாரம் பாய்ச்சி, தகட்டின்மேல் பாலிபைரோல் என்ற பாலிமரைச் சொரசொரப்பாகப் படியவைத்தார்கள். அதை எண்ணெய்க்கு ஏற்றபடி வேதிமுறையில் பதப்படுத்தி, கடுங்குளிரிலும் உறையாத, தண்ணீரோடு கலக்காத ஃப்ளூரின் எண்ணெயை ஊறவிட்டார்கள். சூட்சுமம் ஒன்றுதான்: அந்தப் பரப்புக்குத் தண்ணீரைவிட எண்ணெயைப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் எண்ணெயைத் தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பரப்பிலிருந்து பனியைப் பெயர்க்கச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிராம் எடையளவு விசை போதுமானதாக இருந்தது. வெறும் அலுமினியத்தில் பத்து கிலோவுக்கு மேல் தேவைப்பட்டது. தகட்டைச் சாய்த்து வைத்தால் பல துளிகள் உறைவதற்கு முன்பே வழுக்கி ஓடிவிடுகின்றன.

ஆனால் எண்ணெய் நிலைக்க வேண்டுமே. ஓடும் துளிகள் கொஞ்சம் கொஞ்சமாக அதை வாரிக்கொண்டு போகின்றன. உறைபனி இன்னும் பொல்லாதது: அதன் ஊசி ஊசியான படிகங்களுக்கு நடுவே உள்ள இடுக்குகள் விளக்குத் திரிபோல எண்ணெயை மேலே உறிஞ்சிவிடும். பனி உருகி வழியும்போது எண்ணெயும் கூடவே போய்விடும். நாலைந்து முறை உறைந்து உருகினால் தகடு பழையபடி பிடிகொடுக்க ஆரம்பித்துவிடலாம். குடுவைச் செடிக்கு அந்தக் கவலை இல்லை; தேனை அதுவே சுரந்துகொள்கிறது. அதனால்தான் இப்போது ரப்பர் போன்ற பாலிமருக்குள்ளேயே எண்ணெயைச் சேமித்து, மேலே குறையக் குறையக் கசியவிடும் பூச்சுகளைச் செய்து பார்க்கிறார்கள்.